ரோசம்மாள் ருசி பார்த்த தண்ணீர்

செய்தியைக் கொண்டுவந்தவள் சவேரியம்மாள். பாம்பனிலிருந்து காலை ரயிலில் மீன்கூடையோடு வந்து எங்கள் ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் விற்றுவிட்டுப் போகிறவள். அன்று கூடையைக்கூட இறக்கவில்லை. குழந்தைகள் வார்டு வாசலில் நின்றபடியே சொன்னாள்: "யாத்தா சௌந்தரம், உங்க சிஸ்டரு போயிட்டாக. வெள்ளனயே உசுரு அடங்கிருச்சு. பொழுது சாய எடுக்குறாக. வெரசா வந்து சேரு."

என் மடியில் ஒரு குழந்தை இருந்தது. பாலாடைச் சங்கில் கஞ்சித் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தேன். செய்தி காதில் விழுந்த பிறகும் அது வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. பாதி ஊட்டலில் எழுந்திருக்கக் கூடாது என்பது அந்த ரோசம்மாள் சிஸ்டர் வைத்த சட்டம். ஊட்டி முடித்து, வாயைத் துடைத்து, தோளில் போட்டுத் தட்டிவிட்டுத்தான் எழுந்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். "அடுத்த ஞாயித்துக்கிழமை வாடி, நிறையப் பேசணும்" என்று சொல்லி அனுப்பியவள், ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் போய்விட்டாள். சொன்ன சொல் தவறாதவள் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவள் இவள்தானா என்று மனசுக்குள் திட்டினேன்.

இதைப் படிக்கும் செவிலியர் பலரும் அவளோடு வேலை பார்த்தவர்கள். அவளிடம் திட்டு வாங்காதவர்கள் உங்களில் யாரும் இருக்க முடியாது. சுதந்திரம் வந்த மறு வருஷம் நாங்கள் இருவரும் ராமநாதபுரத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் பரமக்குடிப் பக்கத்து விவசாயி மகள். அவள் பாம்பன் மீன்பிடிக் குடும்பம். ஆள் நல்ல உயரம், அகன்ற கை, எட்டுக் கட்டைக் குரல். வார்டில் பிள்ளை தூங்கும்போது மட்டும் அந்தக் குரல் எங்கே போகும் என்று தெரியாது. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம் என்பதால் எங்களுக்குள் சண்டை ஓய்ந்ததே இல்லை. ஒரு சண்டையும் மறுநாள் காப்பி வரை நீடித்ததும் இல்லை.

பயிற்சிப் பள்ளியில் நோயாளியைப் பராமரிப்பதற்குத் திட்டம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். நர்சிங் பிளான் என்று இங்கிலீஷில் நாங்களும் எழுதினோம். எழுதி மார்க் வாங்கினோம், பிறகு மறந்தோம். ரோசம்மாள் மறக்கவில்லை. குழந்தைகள் வார்டுக்கு வந்த நாள் முதல் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு தாளைத் தமிழில் எழுதிக் கட்டித் தொங்கவிட்டாள். மருந்தும் மணியும் மட்டும் அதில் இருக்காது. பிள்ளையை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், எந்தப் பக்கம் ஒருச்சாய்த்துப் போட்டால் மூச்சு லேசாகும், யார் தூக்கினால் அழும், ஒன்றுக்கு வந்தால் என்ன சொல்லும் என்று எல்லாம் இருக்கும். நாங்கள் அதைப் பிள்ளைச் சீட்டு என்றோம். நான் முதலில் கேலிதான் செய்தேன். "கல்யாணத்துக்குச் சாதகம் எழுதுறியாக்கும்?" என்று கேட்டேன். "சாதகம் பொய் சொல்லும்டி, இது சொல்லாது" என்றாள்.

உச்சிப்புளியிலிருந்து காய்ச்சலோடு ஒரு பையன் வந்து கிடந்தான். பால், கஞ்சி, தண்ணீர் எதைக் கொடுத்தாலும் தம்ளரைத் தட்டிவிட்டான். இரண்டு பேர் கையைப் பிடிக்க, ஒருத்தி வாயைத் திறக்க, வார்டே ரணகளம். ரோசம்மாள் அவன் அம்மாவிடம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வந்தாள். அப்புறம் சமையல்கட்டுக்குப் போய் ஒரு கொட்டாங்கச்சியைத் தேய்த்துக் கழுவி எடுத்துவந்தாள். அவன் அய்யா பனங்காட்டில் வேலை செய்பவர். அவரோடு திரிந்த பிள்ளைக்குக் கொட்டாங்கச்சியில் குடித்துத்தான் பழக்கம். மடமடவென்று குடித்துவிட்டு இன்னும் கேட்டான். ரவுண்டு வந்த டாக்டர், "கட்டில் பக்கத்துல என்ன இது அசிங்கம்?" என்று கத்தினார். ரோசம்மாள் சீட்டைக் காட்டினாள். படித்துவிட்டு, "கழுவியாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

இப்படிச் சிரிக்கிற கதைகள் நிறைய உண்டு. உங்களிடமும் இருக்கும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது திருப்பாலைக்குடிக் கதீஜாவின் பிள்ளைக்காக. அதைச் சொல்லாமல் ரோசம்மாளைப் பற்றி எழுதினால் அவளே எழுந்துவந்து தாளைக் கிழித்துப் போடுவாள்.

நம் பக்கத்தில் பிள்ளைக்கு வயிற்றால் போனால் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். ஊற்றுகிற தண்ணீர்தான் பேதியாகப் போகிறது என்று நம்பிக்கை. கண் உள்ளே போய், நாக்கு காய்ந்து, அழக் கண்ணீர்கூட இல்லாத பிள்ளைகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். கொண்டுவந்து எங்கள் கையில் கொடுக்கும்போது பல பிள்ளைகள் முடிந்திருக்கும். அந்த நம்பிக்கையோடு ரோசம்மாள் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினாள். குழைய வெந்த சோற்றின் கஞ்சித் தண்ணீர், ஒரு தம்ளருக்கு ஒரு சிட்டிகை உப்பு, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக, பிள்ளை வாந்தி எடுத்தாலும் சற்றுப் பொறுத்து மறுபடியும். பேதிக்கு அவள் எழுதிய சீட்டு அதுதான். வீட்டுக்குப் போகும் தாய்க்கு வாசித்துக் காட்டுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்றால் மனப்பாடமாகச் சொல்லும் வரை வார்டை விட்டு அனுப்ப மாட்டாள்.

கதீஜாவின் மகள் பாத்திமுத்து அப்படி வந்து, அப்படிப் பிழைத்தவள். நடக்கத் தொடங்கிச் சில மாதம்தான் இருக்கும். சுருட்டை முடி. ரோசம்மாளின் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு வார்டு முழுக்கத் தள்ளாடித் திரிந்தாள். போகும் நாளில் கதீஜா சீட்டை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். பத்தொன்பது இருபது வயதுப் பெண். பயந்த முகம். "மறந்துட்டா என்ன செய்ய சிஸ்டர்?" என்று வாசல் வரை கேட்டுக்கொண்டே போனாள். "நீ மறக்க மாட்டே" என்றாள் ரோசம்மாள்.

அவள் மறக்கத்தான் இல்லை.

மழை தப்பிப்போன வருஷம் அது. கோடை முற்றிய ஒரு காலையில் பாத்திமுத்துவை மறுபடி பேதியோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர் ஊசி போட்டார், செலைன் ஏற்றினார். உச்சிப்பொழுதுக்குள் ரோசம்மாள் கையிலேயே அடங்கிவிட்டது. வராந்தாவில் கதீஜாவின் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்: "வேணாம் வேணாம்னு சொன்னேனே! பேதிக்காரப் பிள்ளைக்கு ஊத்தி ஊத்தி மவுத்தாக்கிட்டாளே பாவி!" கதீஜா தூணோடு தூணாக நின்றாள்.

ரோசம்மாள் அன்று சாப்பிடவில்லை. "நாக்கைப் பாத்தியாடி? அவ்வளவு கஞ்சி குடிச்ச பிள்ளைக்கு நாக்கு ஏன் அப்படி வறண்டு கெடந்துச்சு? தாகம் தாகம்னு அழுதுச்சாம். குடுக்கக் குடுக்க அழுதுச்சாம்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அடக்கமெல்லாம் முடிந்த பிறகு விடுப்புச் சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு திருப்பாலைக்குடி பஸ் ஏறினாள்.

துக்க வீடு. பெண்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். கதீஜாவை அடுப்படி மூலையில் தனியாக விட்டிருந்தார்கள். அவளோடு யாரும் பேசுவதில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. அவள் புருஷன் தோணியில் தூத்துக்குடி போயிருந்தான். அவன் வந்ததும் இவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். ரோசம்மாள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "பிள்ளைக்கு என்னென்ன செஞ்சே, சொல்லுத்தா" என்றாள். கதீஜா சுவரைப் பார்த்துக்கொண்டே சீட்டை ஒப்பிக்க ஆரம்பித்தாள். சோறு குழைய வேகணும். தண்ணிய வடிக்கணும். ஒரு தம்ளருக்கு ஒரு சிட்டிகை உப்பு. பிள்ளை வேணாம்னாலும் விடாமக் கொடுக்கணும். எங்கள் வார்டில் ரோசம்மாள் சொல்லிக்கொடுத்த அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். கேட்க முடியாமல் நான் எழுந்து வெளியே போனேன்.

கொஞ்ச நேரத்தில் ரோசம்மாளும் கொல்லைக்கு வந்தாள். கிணற்றில் ஒரு வாளி இறைத்தாள். கையில் ஏந்தி வாயில் விட்டாள். வாளியை என் பக்கம் நகர்த்தினாள். "குடிச்சுப் பாரு" என்றாள். நான் துப்பிவிட்டேன். அவ்வளவு கரிப்பு. கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டித்தான் அந்தத் தெருவுக்குக் குடிதண்ணீர். மழை இல்லாததால் ஊற்று வற்றி, அந்தக் கோடை முழுக்க இந்தக் கிணற்றைத்தான் எல்லாரும் குடித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரிப்பேறிய தண்ணீர், அவர்கள் நாக்குக்குப் பழகிவிட்டது. அந்தத் தண்ணீரில் கஞ்சி வைத்து, கொதித்துச் சுண்டி, அதற்குமேல் சீட்டுப்படி உப்பும் போட்டிருக்கிறாள் கதீஜா. உப்பு மிஞ்சினால் உடம்பில் இருக்கிற தண்ணீரையும் அது உறிஞ்சிவிடும். எங்கள் வார்டுக்கோ ஊருணியிலிருந்து நல்ல தண்ணீர் மாட்டுவண்டியில் வரும். அந்தத் தண்ணீருக்கு எழுதிய சீட்டு அது.

ரோசம்மாள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டேன். "இங்கன வச்சு வாயத் திறக்காதே ரோசு. நீ சொன்ன கஞ்சியில பிள்ளை போச்சுன்னு தெரிஞ்சா இந்தக் கரையில ஒருத்தி இனிமே பிள்ளைக்குத் தண்ணி குடுப்பாளா? இத்தனை வருசம் நீ தொண்டை கிழியக் கத்துனதெல்லாம் வீணாப் போகும். எத்தனை பிள்ளை சாகும்னு யோசிச்சியா?" என்றேன். வேலை போய்விடும் என்ற பயமும் எனக்கு இருந்தது. ஆனால் நான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவள் என் கையை விலக்கினாள். "அங்கன மூலையில உக்காந்திருக்காளே, அவளும் ஒரு பிள்ளைதாண்டி" என்றாள்.

உள்ளே போய் நடுக்கூடத்தில் நின்று சொன்னாள். வழக்கமான குரல் இல்லை, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "மாமி, கதீஜா ஒரு தப்பும் பண்ணல. நான் சொன்னதைச் சொன்னபடி செஞ்சா. தண்ணி குடுத்ததால பிள்ளை போகல. உங்க கிணத்துத் தண்ணி உப்பு. அதுல இன்னும் உப்பப் போடச் சொல்லி எழுதிக் குடுத்தவ நான். வீட்டுல என்ன தண்ணின்னு நான் கேட்கவே இல்ல."

மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். "படிச்சவுக நீங்க. எங்க ஊருத் தண்ணி எப்படின்னு தெரியாதாக்கும்?"

"நான் பாம்பன்காரி மாமி. உப்புத் தண்ணி குடிச்சு வளந்தவ. தெரிஞ்சிருக்கணும். டவுன்ல நல்ல தண்ணி குடிச்சுக் குடிச்சு எனக்கு மறந்துபோச்சு" என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் அவள் அழுது பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

கதீஜா மூலையிலிருந்து எழுந்துவந்தாள். ரோசம்மாளைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அப்படிச் செய்யவில்லை. "போயிருங்க சிஸ்டர்" என்றாள். "எம் பிள்ளை தாகம்னு அழுதுச்சு. நான் அதையே ஊத்துனேன். போயிருங்க." நாங்கள் வந்துவிட்டோம்.

நான் பயந்தபடியே நடந்தது. டாக்டர் ரோசம்மாளைக் கூப்பிட்டு, "உண்மையச் சொல்றதுக்கும் ஒரு முறை இருக்கு சிஸ்டர்" என்று வெகுநேரம் கடிந்துகொண்டார். வேலை போகவில்லை, ஆனால் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கரையிலிருந்து பிள்ளைகள் வருவது நின்றுபோனது. அந்தக் கோடையிலேயே அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்து, மிகவும் பிந்திக் கொண்டுவந்தார்கள். அது பிழைக்கவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உண்மையச் சொல்லி என்னத்தடி கண்டே?" என்று அவளிடமே கேட்டேன். "கதீஜாவை வீட்டை விட்டு அனுப்பலையாம்" என்றாள். அந்தக் கைக்குழந்தையின் துணியை அவளே துவைத்து, காயவைத்து, மடித்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் எழுதிய எந்தச் சீட்டிலும் முதல் வரி ஒன்றுதான்: எந்தத் தண்ணீர்? பிள்ளையோடு வருகிறவர்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவர வேண்டும். அவள் ஒரு மடக்கு வாயில் விட்டுப் பார்த்து, உப்புப் போடலாம், போடக் கூடாது, இந்தத் தண்ணீரே கூடாது என்று எழுதுவாள். விடுமுறை நாளில் ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறி ஊர் ஊராகப் போய்க் கிணற்றையும் ஊற்றையும் குடித்துப் பார்த்தாள். ஊர் ஜனங்கள் அவளைத் தண்ணி சிஸ்டர் என்றார்கள். "கண்டதைக் குடிச்சு நீ ஒருநாள் படுக்கப் போறே" என்று நான் திட்டுவேன். "நான் படுத்தா எனக்குச் சீட்டு எழுத நீ இருக்கேல்ல" என்பாள். புது நர்சுகளிடம் அடிக்கடி சொல்வாள், உங்களுக்கும் நினைவிருக்கும்: "சீட்டை ஆஸ்பத்திரியில உக்காந்து எழுதாதே. அந்தப் பிள்ளை வீட்டு அடுப்படியில உக்காந்திருக்கிறதா நெனச்சு எழுது."

சில வருஷம் கழித்து ஒரு காலையில் கதீஜா வார்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு பையன், பேதி. கையில் துணியால் வாய் கட்டிய செம்பு. ரோசம்மாளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. செம்பை மேஜைமேல் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். ரோசம்மாள் துணியை அவிழ்த்தாள். குடித்துப் பார்த்தாள். மறுபடி குடித்துப் பார்த்தாள். என்னிடமும் கொடுத்தாள். மூன்றாம் முறையும் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள். பையன் பிழைத்தான். போகும்போது கதீஜா, "வாரேன் சிஸ்டர்" என்றாள். போகிறேன் என்று சொல்லாமல் வாரேன் என்று சொன்னாளே என்று ரோசம்மாள் அன்று முழுக்க அதையே பேசினாள்.

வயிற்றில் கட்டி என்று மதுரையில் சொல்லிக் கைவிரித்த பிறகு பாம்பனில் அண்ணன் சந்தியாகு வீட்டில்தான் கிடந்தாள். கடைசியாக நான் போனபோது எதுவும் இறங்கவில்லை. பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தால் உண்டு. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு போர்வைக்குள் அடங்கிக் கிடந்தது. "எனக்குச் சீட்டு எழுதுடி" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு எழுதினேன். இடது பக்கம் ஒருச்சாய்த்துப் போடவும். கடற்காற்று வர ஜன்னலைத் திறந்து வைக்கவும். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் ஒப்பாரி வைக்கக் கூடாது. வாங்கிப் பார்த்தாள். "கோழி கிண்டுன மாதிரி இருக்கு. முதல் வரி எங்கடி?" என்றாள். எழுதிக் கொடுத்தேன். அண்ணனைக் கூப்பிட்டுப் பஞ்சு நனைக்கிற தண்ணீர் எங்கே எடுத்தது என்று கேட்டேன். அவர் சொன்ன பிறகுதான் கண் அயர்ந்தாள்.

அடக்கத்துக்குப் பாம்பனே திரண்டு வந்தது. நான் சொல்ல வந்தது ஏழாம் நாள் பூசையைப் பற்றி. திருப்பாலைக்குடி பஸ் கண்டக்டரிடம் சொல்லி கதீஜாவுக்குத் தகவல் அனுப்பியிருந்தேன். பூசை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே அவள் நிற்பதைப் பார்த்தேன். கையில் அதே போலத் துணி கட்டிய செம்பு.

"உள்ள வரலாமாக்கா?" என்றாள்.

"வாத்தா."

மணல் இன்னும் அமுங்காத மேட்டின் பக்கத்தில் வந்து நின்றாள். "அடக்குன மண்ணுல தண்ணி ஊத்துறது எங்க பழக்கம். பாத்திமுத்து கபருக்கு என்னைப் போக விடல. பொம்பளைக போறதில்லை. அதுக்கு ஊத்த முடியாதது நெஞ்சுக்குள்ளயே கெடக்கு. இங்கனயாவது ஊத்திக்கிறேன்" என்றாள். தலையை அசைத்தேன்.

துணியை அவிழ்த்தாள். ஆனால் ஊற்றவில்லை. செம்பை என்னிடம் நீட்டினாள். "ஊத்துத் தண்ணி. காலையில நானே தோண்டி எடுத்தேன். அவுக இருந்தா பாக்காம விட மாட்டாக. நீங்க பாத்துச் சொல்லுங்க."

ரோசம்மாள் எழுதிய சீட்டு ஒன்றுகூட என்னிடம் இல்லை. எல்லாம் பிள்ளைகளோடு அந்தந்த வீட்டுக்குப் போய்விட்டன. அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பயம்தான். அடுத்த வீட்டுத் தண்ணீரை என் வாயில் விட்டுப் பார்க்காமல் அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வரி எழுதக் கூடாது என்கிற பயம். சாகும் வரை அது என்னை விடாது. விடவும் வேண்டாம்.

செம்பை வாங்கி ஒரு மடக்குக் குடித்தேன். அவசரப்படாமல் நாக்கில் வைத்திருந்து இன்னொரு மடக்கும் குடித்தேன். கதீஜா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு இல்ல கதீஜா" என்றேன். "ஊத்து."